கொம்பன் அக்கா கடைக்கு எழுத்துத் தேடிய கதை

கொம்பன் என்றதும் ஆறடி உயரத்தில் முறுக்கு மீசையோடு யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஆள் ஐந்தடி மூன்றங்குலம். பலமாகக் காற்றடித்தால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொள்கிற உடம்பு. பெயர் வந்த வழி வேறு. அவன் வேலை பார்க்கும் வடிவமைப்பு அலுவலகத்தில் ஒருநாள் காலை ஒரு மாதப் பத்திரிகை அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. வண்டிகூடக் கீழே வந்து நின்றுவிட்டது. அப்போது பார்த்து நம் ஆள், 'கெ', 'செ' என்று வருகிற எழுத்துகளில் கொம்புக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மயிரிழை இடம் அதிகமாக இருக்கிறது என்று சொல்லி அறுபத்து நான்கு பக்கங்களையும் நிறுத்திவைத்தான். ஒவ்வொரு கொம்பாக இழுத்துச் சேர்க்க இரண்டு நாள் ஆயிற்று. பத்திரிகை தாமதமாக வந்தது. வாசகர் ஒருவர்கூடக் கொம்பு இப்போது அழகாக ஒட்டி நிற்கிறது என்று கடிதம் போடவில்லை. அலுவலகத்தில் மட்டும் அன்றிலிருந்து அவன் கொம்பன் ஆனான். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அவனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் எழுத்துதான். எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்கு இரண்டாம்பட்சம். கண் பரிசோதனைக்குப் போனான். டாக்டர் அட்டையைக் காட்டிக் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார்.

"மூணாவது எழுத்து மட்டும் வேற ஃபான்ட்ல இருக்கு டாக்டர். யாரும் சொல்லலையா?"

"எழுத்து தெரியுதா, தெரியலையா?"

"தெரியப்போய்த்தானே சொல்றேன்."

டாக்டர் கண்ணாடி தேவையில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டில் சாப்பாட்டு மேசையில் எழுத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டிருந்தாள். ஜாம் பாட்டிலின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டுத்தான் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவாள்.

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. கொம்பனுக்கு அங்கே ஒரே வேலை: எதற்கு எந்த எழுத்து என்று முடிவுசெய்வது. உலகத்தில் இரண்டே வகை எழுத்துதான் உண்டு என்பான். ஒன்று படிக்கிற எழுத்து. புத்தகத்துக்குள்ளே, பத்திரிகைக் கட்டுரையில் வருவது. மற்றது பார்க்கிற எழுத்து. தலைப்பு, பெட்டி, கம்பெனிப் பெயர், கடைப் பலகை. இரண்டையும் மாற்றிப் போடுவது சாப்பிடுகிற தட்டைச் சுவரில் மாட்டிவிட்டு, சுவரில் மாட்டுகிற தட்டில் சாப்பிடுவது மாதிரி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான். ஒரு தண்ணீர்க் குழாய்க் கம்பெனிக்காரர் வந்து, "எழுத்தைப் பார்த்தாலே தண்ணி வர்ற மாதிரி இருக்கணும்" என்றார். கொம்பன் மூன்று எழுத்து காட்டினான். தனக்குப் பிடித்ததை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் வேண்டுமென்றே கொஞ்சம் அசிங்கமானதை நிறுத்துவது அவன் வழக்கம். குழாய்க்காரர் இடப்பக்கத்து அசிங்கத்தைக் கட்டிப்பிடிக்காத குறையாக எடுத்துக்கொண்டு போனார். கொம்பன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த அக்காவின் கடைப் பலகை எப்படி இருந்தது என்று சொன்னால்தான் கதை நகரும்.

அக்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பதினொரு வருடமாகத் துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். புதுத்துணி தைப்பதில்லை. நீளமான பேன்ட்டைக் குறைப்பது, இறுகிப்போன ரவிக்கையைப் பிரித்துவிடுவது, செத்துப்போன ஜிப்பை எடுத்துவிட்டு வேறு வைப்பது, கிழிசல் தைப்பது. இரண்டு தையல் மிஷின். ஒன்றில் அக்கா, மற்றதில் ஒன்பது வருடமாக அவளோடு தைக்கிற ஒரு அம்மாள். அந்த அம்மாளைக் கடைக்கு வருகிறவர்கள் பக்கத்து மிஷின்காரம்மா என்பார்கள். துணிமூட்டைகளுக்கு நடுவில் இரண்டு தலைகள் குனிந்தபடி தெரியும். யார் வந்தாலும் அக்கா நிமிராமல், "அவசரமா, நிதானமா?" என்று கேட்பாள். அவ்வளவுதான் அவளுடைய வியாபாரப் பேச்சு.

கடைக்கு மேலே ஒரு ஃபிளெக்ஸ் பலகை. 'துணி திருத்தும் கடை' என்ற மூன்று சொல்லுக்கு மூன்று வேறு எழுத்து. மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பு நிழல், சிவப்பு நிழலுக்கு நீல விளிம்பு. கீழே பேன்ட் குறைக்க, ஜிப் மாற்ற, கிழிசல் தைக்க என்று ஒரு பட்டியல். மூலையில் ஒரு கத்தரிக்கோல், அதற்குக் கண்ணும் சிரிப்பும். கொம்பன் அந்தச் சிரிப்புக்குப் பயந்து பதினொரு வருடமாக ஒரு தெரு சுற்றி அலுவலகத்துக்குப் போனான். அக்கா என்ன செய்கிறாள் என்று அலுவலகத்தில் கேட்டால், துணி சம்பந்தமான தொழில் என்று மழுப்புவான்.

ஒரு புயல்காற்றில் அந்தப் பலகை குறுக்கே கிழிந்து தொங்கியது. அக்கா ஃபோன் செய்தாள்.

"டேய், நீதான் எழுத்து வேலை பார்க்கிறியே. ஒரு போர்டு போட்டுக் குடு."

கொம்பனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பதினொரு வருடமாக அவள் கேட்க மாட்டாளா என்று ஏங்கியவன், "பார்க்கிறேன்க்கா" என்று பிகு செய்துவிட்டு ஃபோனை வைத்தான். வைத்த கையோடு வேலையை ஆரம்பித்தான்.

ஆறு வாரம் ஆயிற்று. நூற்று நாற்பது எழுத்துருவை அடுக்கி, அதிலிருந்து முப்பத்தொன்று, அப்புறம் ஒன்பது, கடைசியில் இரண்டு என்று கழித்துக்கொண்டே வந்தான். தடித்த எழுத்தெல்லாம் முதல் நாளே போயிற்று. காரணம், 'துணி'யில் வருகிற மூன்று சுழி 'ண'. தடித்த எழுத்தில் அந்தச் சுழிகள் மூச்சு முட்டி ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். தையல் என்றால் நூல், நூல் என்றால் மெலிவு என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. விழுந்தபிறகு தலைகீழாக நின்றாலும் அவனை மாற்ற முடியாது. கடைசியில் தேர்ந்தது ஒரு நூலிழை எழுத்து. வாசனைத் தைலப் பெட்டியின் மேல் போடுவதற்காக யாரோ வரைந்தது. சுழிகளெல்லாம் காற்றோட்டமாக இருந்தன. எழுத்துக்கு எழுத்து தாராளமாக இடம் விட்டு, பால் வெள்ளைப் பலகையில் சாம்பல் நிறத்தில் வைத்தான். எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டிப் பலகையில் திருகிக் கடை மேல் ஏற்றி, எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்று பத்து நிமிடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். அவனுக்காக மூன்று பேருந்துகள் வீணாக நின்று போயின. அலுவலகத்தில் நான்கு பேரைக் கூட்டிவந்து காட்டினான். நான்கு பேரும் மெய்மறந்து நின்றார்கள்.

அக்கா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஜிப் மாத்துறதைப் போடலையாடா?"

"அதெல்லாம் எழுத்திலேயே தெரியும்க்கா."

அக்கா பலகையை ஒருமுறை பார்த்தாள், தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "நல்லா இருக்குடா" என்றாள்.

உண்மையில் அது அழகான பலகைதான். அதில் பொய் சொல்வானேன். அலுவலக முதலாளியம்மா சும்மா ஒருவரைப் புகழ்கிறவர் இல்லை. அவரே காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். வடிவமைப்பாளர் சங்கம் வருடா வருடம் நடத்துகிற பெயர்ப்பலகைப் போட்டிக்கு அனுப்பினார். கடைசி ஐந்து பலகைகளில் அதுவும் ஒன்றாக வந்துவிட்டது. நடுவர்கள் ஐந்தையும் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று கடிதம் வந்தது. இருபது வருடத்தில் கொம்பனுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். அந்தக் கடிதத்தின் எழுத்துரு மோசம் என்பதைக்கூட ஒரு நாள் கழித்துத்தான் கவனித்தான்.

ஞாயிறுதோறும் மத்தியானம் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தான். முன்பெல்லாம் அக்காவுக்கு நிமிர்ந்து பார்க்கவே நேரம் இருக்காது. இப்போது டீ போட்டுக் கொடுத்தாள், எதிரே உட்கார்ந்து பேசினாள், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள். மேசை துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. நல்ல எழுத்து ஒரு இடத்துக்குக் கொண்டுவருகிற அமைதி என்று கொம்பன் பூரித்துப்போனான். போகும்போதெல்லாம், "அந்தச் சட்டையைக் கழட்டு, காலர் நைஞ்சிருக்கு" என்று வாங்கித் தைத்துக் கொடுத்தாள். அந்த இரண்டு மாதத்தில் அவனுடைய பேன்ட், சட்டை எல்லாம் திருத்தி முடிந்து, அவன் மனைவியின் துணிகளும் முடிந்து, வீட்டு ஜன்னல் திரைகளுக்கு அக்கா வந்திருந்தாள். அப்போதும் இந்த மனிதனுக்கு உறைக்கவில்லை.

நடுவர்கள் அடுத்த வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் புதன்கிழமை, பலகையைத் துடைத்துவைக்கலாம் என்று கொம்பன் அலுவலக நேரத்தில், காலை பதினொரு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போனான். தெருமுனையிலிருந்தே அக்கா தெரிந்தாள். கடைக்கு வெளியே நடைபாதையில் ஸ்டூல் போட்டு, கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. சட்டைப் பெட்டியைக் கிழித்துக் கறுப்பு மார்க்கரில் எழுதியது. 'பழைய தையல் கடைதான். பழைய ஆள்தான். உள்ளே வாங்க.'

கொம்பன் முதலில் பார்த்தது, வரி வலப்பக்கம் சரிகிறது, 'ழ'வும் 'ள'வும் ஒரே அளவில் இல்லை என்பதைத்தான். அதை ஐம்பதடி தூரத்திலிருந்தே படித்துவிட்டோம் என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

அக்கா அவனைப் பார்த்ததும் எழுந்து அட்டையை முதுகால் மறைத்துக்கொண்டாள்.

"என்னடா இந்த நேரத்துல? ஆபீஸ் இல்லையா?"

"நீ ஏன்க்கா வெளியே உட்கார்ந்திருக்கே?"

"உள்ளே புழுக்கமா இருக்கு."

அந்த நேரம் பார்த்து, கையில் ஒரு பையோடு பருமனான ஒருவர் தெருவைக் கடந்து அக்காவிடம் வந்தார்.

"நல்லவேளை, உங்களையாவது பார்த்தேன். இங்க வெச்சிருந்தீங்களே கடை, எங்க மாத்திட்டீங்க? ரெண்டு பேன்ட் குறைக்கணும்."

"எங்கேயும் மாத்தலைங்க. இதான் கடை."

அவர் மேலே பார்த்தார். "இது தோல் டாக்டர் இல்லையா? என் சம்சாரம் முகத்துல ஒரு மச்சம் இருக்கு, இங்கதான் காட்டலாம்னு ரெண்டு மாசமா பேசிக்கிட்டிருக்கோம்."

"அதுலதான் துணி திருத்தும் கடைன்னு எழுதியிருக்கே" என்றான் கொம்பன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பருமனானவர் கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு எழுத்தாகப் போய்ச் சேர்ந்தார். "அட, ஆமா" என்றார். "படிச்சா தெரியுது."

பேன்ட்டை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டு அக்கா உள்ளே போனாள். கொம்பனும் பின்னால் போனான். பக்கத்து மிஷின் மேல் உறை போட்டு மூடியிருந்தது. அந்த அம்மாள் எங்கே என்று கேட்டதற்கு, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்குள் நுழையவே இல்லை.

மாமா சாப்பிட வந்தார். அக்காவின் வீட்டுக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வளைத்துப் பேசத் தெரியாது. கைகழுவிவிட்டு வந்து இருவர் முகத்தையும் பார்த்தார்.

"மச்சான், உங்க அக்கா சொல்ல மாட்டா. அவ இல்லாதப்போ நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. அதனால அவ இருக்கும்போதே சொல்லிடறேன். ரெண்டு மாசமா கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கா. அந்தம்மாவை வர வேண்டாம்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு. அடுத்த மாசம் கடையை விட்டுட்டு ரெடிமேட் கம்பெனிக்குத் தைக்கப் போறதா வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கா."

"நீங்க பேசாம சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லலை?"

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "அந்த போர்டைப் பார்க்கிறப்போ உன் மூஞ்சி எப்படி இருக்குன்னு நீ பார்த்திருக்கியா? உன் கல்யாண போட்டோவுலகூட நீ அப்படிச் சிரிச்சதில்லை. பரிசு வேற வரப்போவுதுன்னே. நான் என்னன்னு சொல்லுவேன்?"

"அதுக்காகக் கடையை மூடுவியா?"

"வேற எடத்துல உக்கார்ந்து தைக்கப்போறேன். எங்க தைச்சா என்ன. கை அதே கைதானே."

பதினொரு வருடம் தனக்கென்று நடத்திய கடையை, தம்பி முகம் வாடக் கூடாது என்பதற்காக விட்டுக்கொடுத்துவிட்டு, அதைச் சட்டைக்குக் கை குறைக்கிற விஷயம் மாதிரி சொல்கிறாள். தான் ஞாயிறுதோறும் வந்து டீ குடித்த அமைதி எது என்று புரிந்ததும் கொம்பனுக்கு அவமானத்தில் காது சிவந்தது. வெளியே வந்து நடைபாதை ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் அவன் செய்த தப்பு விளங்கியது. ஆறு வாரம் பார்த்தான், ஆயிரம் முறை பார்த்தான். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டு பார்த்தான். நின்று பார்த்தான். இந்தத் தெருவில் நிற்கிறவன் யார்? எல்லோரும் கிழிந்த பையோடு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், ஃபோனில் யாரையாவது திட்டிக்கொண்டு போகிறவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது அரைப் பார்வை. அந்த அரைப் பார்வையில் இவனுடைய நூலிழை, சுவரில் விழுந்த விரிசல் அளவுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

மறுநாள் கொம்பன் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தான் வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்று செய்தான். கடையைத் தாண்டிப் பத்தடி போனவர்களை வழிமறித்து, "மன்னிக்கணும், இப்ப நீங்க தாண்டி வந்தது என்ன கடைன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டான். ஒரு அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடையை எட்டிப்போட்டாள். ஒருவர், "நான் எதையும் எடுக்கலைங்க" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இன்னொருவர் அவன் ஏதோ விற்க வந்திருக்கிறான் என்று நினைத்து, வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்றார். பதில் சொன்ன இருபது பேரில் பதினான்கு பேர் அங்கே கடை இருப்பதையே கவனிக்கவில்லை. மூன்று பேர் ஆஸ்பத்திரி என்றார்கள். இரண்டு பேர் வாடகைக்கு விடப்படும் இடம் என்றார்கள். ஒரே ஒருவர் சரியாகத் தையல் கடை என்றார். எப்படித் தெரிந்தது என்று கொம்பன் ஆவலோடு கேட்டான். அட்டையில் எழுதியிருக்கிறதே என்றார் அவர்.

அதற்கப்புறம் அட்டையை எடுத்துவைத்துவிட்டு, கடைப் பெயரை நான்கு வகை எழுத்தில் பெரிய தாளில் அச்சடித்து, ஒன்று மாற்றி ஒன்றாகப் பலகையின் மேல் ஒட்டினான். வியாழனும் வெள்ளியும் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டான். பஸ் கண்டக்டர்கள் அவனைப் பார்த்துக் கையாட்டத் தொடங்கிவிட்டார்கள். நான்கில் மூன்று அவன் மதிக்கிற எழுத்துகள். நான்காவதை ஒப்புக்குத்தான் கொண்டுவந்தான். அலுவலகத்தில் அதற்கு அவன் வைத்திருந்த பெயர் பானை. எல்லா எழுத்துக்கும் தொப்பை. மருந்துப் பாட்டிலில் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று போடுவதற்கும், பரீட்சை நடக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று ஒட்டுவதற்கும் தவிர வேறெதற்கும் அதைத் தொட மாட்டான். 'ண'வின் மூன்றாவது சுழிக்கு அதில் மூச்சே கிடையாது.

பானையை ஒட்டியபோது இருபதில் பதினேழு பேர் நடையை நிறுத்தாமல் பதில் சொன்னார்கள். யாரும் துணி திருத்தும் கடை என்று முழுசாகச் சொல்லவில்லை. தையல் கடை, டெய்லர், ஜிப் போடுற இடம் என்று வாயில் வந்ததைச் சொன்னார்கள். "ஏங்க, அதான் அவ்வளவு பெருசா எழுதியிருக்கே, கண்ணு தெரியாதா உங்களுக்கு?" என்று ஒரு அம்மாள் அவனைக் கடிந்துகொண்டு போனாள். கொம்பன் இன்னும் பத்துப் பேரைக் கேட்டான். தான் மதிக்கிற மூன்றில் ஒன்றாவது ஜெயிக்காதா என்று ஒரு நப்பாசை. பானைதான் ஜெயித்தது.

சனிக்கிழமை முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மாத்துங்க. மாத்த வேண்டாம்னு சொல்லலை. ஆனா வியாழக்கிழமை நடுவர்கள் வந்து பார்த்துட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை காலையில மாத்திக்கோங்க. நடுவுல அஞ்சு நாள்தானே கொம்பன். ரெண்டு மாசம் பொறுத்தவங்களுக்கு அஞ்சு நாள் ஒரு பெரிய விஷயமா?"

நியாயமான பேச்சு. கொம்பனுக்கும் அந்த ஐந்து நாள் மேல் ஆசை இருந்தது. இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இருபது வருடம் பிறர் கம்பெனிக்கு, பிறர் பத்திரிகைக்கு எழுத்துத் தேடி, குழாய்க்காரர்களிடம் தோற்று, இப்போதுதான் ஒரு தடவை தன் பெயர் மேலே வருகிறது. அக்காவிடம் கேட்டுவிடலாம் என்று ஃபோனை எடுத்தான். கேட்டால் என்ன சொல்வாள் என்று யோசித்தான். "அதுக்கென்னடா, தாராளமா இருக்கட்டும்" என்பாள். ஒரு நொடி தயங்க மாட்டாள். ஐந்து நாள் கேட்டால் ஐந்து வருடம் கொடுப்பாள். அது நன்றாகத் தெரிந்ததனால்தான் அவனால் கேட்க முடியவில்லை. ஃபோனைப் பைக்குள் போட்டான்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன்பே ஏணி போட்டு நூலிழை எழுத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பானையை ஏற்றினான். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, கீழே பேன்ட் குறைக்க, ஜிப் மாற்ற, கிழிசல் தைக்க. 'ண'வைத் திருகும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். முதலாளியம்மா போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். அன்று முதல் அவனிடம் பேச வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவனுக்கு அலுவலகத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நடுவர்கள் இந்நேரம் வேறெங்கோ வேறு யார் பலகைக்குக் கீழேயோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பசி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, பேருந்து நிறுத்தத்தில் போய் இறங்கினான்.

கடைக்குள் இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து மிஷின்காரம்மா ஊரிலிருந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது. மேசை இருந்த இடம் தெரியவில்லை, அவ்வளவு துணி. ஐந்தாறு பேர் நின்றார்கள். ரெடிமேட் கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லியாயிற்றா என்று கேட்க நினைத்தான். கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வாசல்படியில் நின்றுகொண்டு, அக்கா நிமிர்வாள், ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தான். இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரே ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. அவள் நிமிரவில்லை. கடைசியாக நின்றவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

"வழக்கமா இங்கதான் வருவீங்களா?"

"இல்லைங்க, முதல் தடவை. பஸ்ல போய்க்கிட்டிருந்தேன். தையல் கடை இருக்கேன்னு இறங்கிட்டேன். இந்த ஜிப்பு ஆறு மாசமா இப்படியே கிடக்கு."

"போர்டைப் பார்த்தீங்களா?"

அவர் யோசித்தார். "போர்டா? போர்டெல்லாம் கவனிக்கலைங்க."

கொம்பன் உள்ளே எட்டிப் பார்த்தான். அக்கா வாயில் நான்கு குண்டூசியைக் கடித்துக்கொண்டு யாருடைய பேன்ட்டையோ மடித்துக்கொண்டிருந்தாள். பலகை ஏறி நான்கு நாளாகிறது. அவள் இன்னும் ஒருமுறைகூட வெளியே வந்து தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை என்பது அவள் குனிந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவனுக்குச் சுருக்கென்றும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அக்கா, போர்டு எப்படி இருக்குன்னு..."

"அப்புறம் வந்து பார்க்கிறேன்டா" என்றாள் அக்கா, குண்டூசிக்கு இடையிலிருந்து. "நீ வாசலை மறைச்சுக்கிட்டு நிக்காதே. ஆளுங்க வர வேண்டாமா?"

கொம்பன் ஒதுங்கி நின்றான். அவனைத் தாண்டி இரண்டு பேர் உள்ளே போனார்கள்.